பாடகரைக் கடைசியில் தேடுங்கள்: செட்டிநாட்டில் ஒரு பழைய பாட்டுக் குழு சேர்ப்பது எப்படி

பழைய பாட்டுக் கச்சேரிக்குக் குழு சேர்க்கிறேன் என்று காரைக்குடியில் ஒருவரிடம் சொன்னால் போதும், மறுநாளே பாடுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி இங்கே பக்கம்தான். பாட்டு வரி தெரியாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். அவர்களிடம் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வையுங்கள். நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், கச்சேரி முழுக்க மேடைக்குக் கீழே நின்று கேட்கிறவன். பாடகர் கொஞ்சம் சறுக்கினால் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். தாளம் சறுக்கினால் நாற்காலி காலி.

எந்தக் காலத்துப் பாட்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு என்றால் தபேலா, பாங்கோஸ், அக்கார்டியன் சத்தம் வேண்டும். 1976க்கு அப்புறம் வந்த இளையராஜா பாட்டு என்றால் பேஸ் கிடார் இல்லாமல் மேடை ஏறவே கூடாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கீபோர்டு.

தாளத்துக்குக் கோயில் மேளம் வாசிக்கிற வீடுகளில் கேளுங்கள். தவில் பழகிய கைக்கு காங்கோவும் ரிதம் பேடும் சீக்கிரம் படியும். ஒரே சிக்கல், மேளத்தில் வேகம் ஏற ஏறத்தான் ருசி. சினிமாப் பாட்டு தொடங்கின வேகத்திலேயே முடிய வேண்டும். போனில் ஒரே வேகத்தில் 'டிக் டிக்' என்று அடிக்கும் மெட்ரோனோம் போட்டு, சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்கவிட்டு அணைத்துவிடுங்கள். மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் ஐந்து நிமிடம் விடாமல் வாசிக்கட்டும். நடுவில் காபி வந்தாலும் நிறுத்த வேண்டாம். முடிகிற நேரத்தில் சத்தத்தைத் திறந்தால் வேகம் எங்கே போயிருக்கிறது என்று இருவருக்குமே தெரிந்துவிடும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ரயிலைப் பிடிக்க ஓடியிருந்தால், இன்னும் கொஞ்ச நாள் பழகச் சொல்லுங்கள்.

கிடாரும் கீபோர்டும் சர்ச்சில் கிடைக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஞாயிறு பூசைக்கு வாசிக்கிற பிள்ளைகளுக்குப் பாடுகிறவரைப் பின்தொடர்ந்து போகத் தெரியும்; அதுதான் நமக்கு வேண்டியது. ஞாயிறு காலையும் டிசம்பர் மாதமும் மட்டும் அவர்களைக் கேட்காதீர்கள்.

கிடார்காரர் எவரும் 'இளைய நிலா'வின் தொடக்கத்தோடுதான் வருவார். 1982லிருந்து எல்லோரும் அதைப் பழகியிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கும். கேட்டு ரசித்துவிட்டு, வேறொரு பாட்டின் சரணத்துக்குச் சுருதியை அரைக் கட்டை இறக்கி ரிதம் வாசிக்கச் சொல்லுங்கள். கீபோர்டுகாரருக்கும் இதே பரீட்சை, சுருதியைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல்.

பேஸ் வாசிக்கிறவர் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. "கீபோர்டில் இடது கையாலேயே போட்டுவிடலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். 80களின் பாட்டில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டில் போகும், இடது கைக்கு அவ்வளவு ஓய்வு கிடையாது. வந்த கிடார்காரர்களில் அலட்டிக்கொள்ளாத ஒருவரைப் பிடித்து பேஸுக்கு மாற்றுங்கள். அதன் நான்கு கம்பிகளும் கிடாரின் மேல்பக்கத் தடித்த நான்கு கம்பிகளின் ஸ்வரங்களேதான், ஒரு ஸ்தாயி கீழே. விரல் இடம் ஏற்கெனவே தெரியும்; மற்றது பழக்கம்.

ஒத்திகைக்குப் பெரிய வீட்டு வளவு (நடு முற்றம்) சும்மா கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். கல் தூண், ஆத்தங்குடித் தளம், சுண்ணாம்புச் சுவர் எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு அடி மூன்று அடியாகக் கேட்டால் புதிதாக வந்தவரை எடை போடவே முடியாது. வீட்டு ஆச்சியிடம் கேட்டு, சாமான் அடுக்கிய உள்ளறை ஒன்றில் ஜமுக்காளம் விரித்து உட்காருங்கள். நெல் மூட்டை இருந்தால் இன்னும் நல்லது.

பணத்தை முதல் நாளே பேசுங்கள். சமப் பங்கா, வேன் வாடகையும் டிபனும் யார் கணக்கு, நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் யாருக்கு என்பதை வாட்ஸாப்பில் எழுதியே போட்டுவிடுங்கள். முகூர்த்த நாளில் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போன் வந்தால் நல்ல ஆள் போகத்தான் செய்வார். ஒவ்வொரு கருவிக்கும் இன்னொருவர் நம்பர் கையில் இருக்கட்டும். கல்யாணத்துக்கும் சமயச் சடங்குக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு நடத்தினால், பாட்டு உரிமைக்காரர்களின் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். உரிமம் வாங்க வேண்டும்.

சரி, இப்போது பாடகர்களைக் கூப்பிடலாம். கரோக்கியில் பழகியவர்கள் நிறைய வருவார்கள். போனை வாங்கி வைத்துவிட்டு, வெறும் தபேலாவோடு ஒரு சரணம் பாடச் சொல்லுங்கள். வரி மறந்தால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தாளத்தை விடாமல் முனகிக்கொண்டு அடுத்த வரியைப் பிடிக்கிறவரை எடுங்கள். ஆணுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்ணுக்கு ஐந்து முதல் ஆறு. டூயட்டில் இருவருக்கும் ஒரே சுருதிதான் என்பதால் ஜோடியாக நிறுத்திப் பாருங்கள், தனித்தனியாகக் கேட்டால் ஏமாந்துபோவோம். பெண் பாடகர் என்றால் வீட்டாரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். கச்சேரி முடிந்து பத்து மணிக்கு மேல் யார், எந்த வண்டியில் கொண்டுவந்து விடுவார் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. காரையும் டிரைவரையும் முடிவு செய்துகொண்டு போங்கள்.