சபை இணையதளம்: அட்மின் அனுமதியில் நடக்கும் கோளாறுகள்

பாஸ்வேர்டைச் சுலபமாக வைக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, அது தெரிந்ததுதான். சபைத் தளத்தைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக வந்து விழுகிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை வைத்து.

எல்லாருக்கும் ஒரே லாகின்

இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ‘அட்மின்’ என்று ஒரே கணக்கு. போதகர், செயலாளர், வாலிபர் குழு, வீடியோ பார்க்கிற பையன் என்று அத்தனை பேரிடமும் அதன் பாஸ்வேர்டு. நான் பார்த்துக்கொண்ட ஒரு தளத்தில், சனிக்கிழமை இரவு ஆராதனை நேரங்கள் இருந்த பக்கம் காலியாகிவிட்டது. திருத்த வரலாற்றைத் திறந்தால் வரிக்கு வரி ‘அட்மின்’. பழைய வடிவத்தை மீட்க ஒரு நிமிடம் ஆகவில்லை. யார் செய்தது என்ற பேச்சுதான் அடங்கவே இல்லை. பாவம், அப்போதுதான் வேறு சபைக்குப் போயிருந்த ஒருவர் தலையில் பழி விழுந்தது.

சரி, ஓடிபி வைத்துவிடலாம் என்றால் அது ஒருவர் போனுக்குத்தான் வரும். ஞாயிறு காலை நேரலை லிங்க்கை மாற்ற வேண்டும். அவரோ போனை அணைத்துவிட்டுப் பாடகர் குழுவில் நிற்பார். யாராவது விலகினால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மாற்றினால் மற்ற எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். அந்தச் சோம்பலிலேயே யாரும் மாற்றுவதில்லை.

ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். அறிவிப்பு எழுதுகிறவருக்கு ‘ஆதர்’ என்ற அனுமதி நிலை போதும். தன் பதிவுகளை மட்டும் தொடலாம். பக்கங்களையும் திருத்துகிறவருக்கு எடிட்டர். ஒருவர் பார்த்த பிறகே வெளியாக வேண்டுமென்றால் கான்ட்ரிபியூட்டர். அதில் படம் ஏற்ற முடியாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா அனுமதியும் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் இரண்டு பேர் போதும். போதகருக்குக் கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவாகாதா என்பார்கள். பிளகினை, அதாவது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரலை, அழிக்கிற பட்டனில் என்ன மரியாதை?

ஜெப விண்ணப்பங்கள்

தளத்திலுள்ள படிவத்தில் நோய், கடன், குடும்பச் சண்டை என்று நம்பி எழுதுவார்கள். பல படிவ பிளகின்கள் அதை டேஷ்போர்டில், அதாவது தளத்தின் நிர்வாகப் பக்கத்தில், சேமிக்கும். அட்மின் யாரும் படிக்கலாம். யார் படிப்பது என்பதைப் போதகர் முடிவு செய்யட்டும்.

விலகியவர் கணக்கை நீக்கும்போது

அவருடைய பதிவுகளையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று கேட்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் அவர் ஏற்றிய பிரசங்கங்கள் எல்லாம் தளத்திலிருந்து காணாமல் போகும்.

டொமைன்

டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தனிநபர் மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டவே வேண்டாம்.