பழம் சாப்பிட்ட கையோடு விதை போடுங்கள்: மா, பலா, பப்பாளியை விதையிலிருந்து வளர்க்கும் முறை

நல்ல மாம்பழம் கிடைத்தால் அதன் கொட்டையை எறிய மனசு வராது. கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சில வாரம் கழித்து நேரம் கிடைக்கும்போது தொட்டியில் புதைப்பார்கள் பலர். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் வராது. "நமக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காயும்போதே கொட்டையின் உயிர் போய்விட்டது, அவ்வளவுதான்.

தக்காளி, மிளகாய் விதைகளைக் காயவைத்து அடுத்த வருஷம்வரை வைத்திருக்கலாம். மா, பலா, அவகாடோ, ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் வேறு ரகம். சூடும் ஈரமும் உள்ள இடங்களில், பழம் விழுந்ததுமே முளைத்துவிடும் மரங்கள் இவை. உறங்கிக் காத்திருக்கும் பழக்கம் இவற்றின் விதைக்கு இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் குறைந்தால் செத்துவிடும், கடுங்குளிரும் ஆகாது. அதனால் விதையைக் காயவிடாதீர்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். உடனே விதைக்க முடியாவிட்டால் ஈரமான தென்னை நார்த்தூளில் பொதிந்து நிழலில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

படி 1: எந்தப் பழம்?

முதல் முயற்சிக்குப் பப்பாளியைத்தான் சொல்வேன். விதைத்துப் பத்து மாதத்துக்குள்ளேயே காய் பார்க்கலாம். கொய்யாவுக்கு 3, 4 ஆண்டு ஆகும். மா, பலாவுக்கு 5 முதல் 8 ஆண்டு ஆகலாம், அவகாடோ இன்னும் தாமதிக்கக்கூடும். மங்குஸ்தானுக்கு 8 ஆண்டுக்கு மேல் பொறுமை வேண்டும். ஆனால் அதில் ஒரு லாபம் உண்டு: அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால், கன்று தாய் மரத்தைப் போலவே இருக்கும்.

மற்ற பெரும்பாலான பழங்களில் அந்த உறுதி கிடையாது. தேன் மாதிரி இனித்த மாம்பழத்தின் கன்று, சுமாரான பழம் தரவும் வாய்ப்பு உண்டு. அதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. தண்டு பென்சில் தடிமனுக்கு வந்ததும், பிடித்த ரகத்தின் கிளையை அதில் ஒட்டுக்கட்டலாம். வேர் உங்கள் விதையுடையது, பழம் விரும்பிய ரகம்.

படி 2: விதையைத் தயார் செய்தல்

பப்பாளி விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு ஜவ்வு இருக்கும். அதில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. விதைகளைச் சல்லடையில் போட்டு, ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்தால் ஜவ்வு வெடித்து, சொரசொரப்பான கறுப்பு விதை வெளியே வரும். பப்பாளி கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கும் என்பதால் நிழலில் ஒருநாள் உலர்த்தி விதைக்கலாம்.

மாங்கொட்டைக்குத்தான் கூடுதல் வேலை. சதையைச் சுரண்டி, நாரைத் தேய்த்துக் கழுவுங்கள். வழுக்காமல் இருக்க ஒரு நாள் மட்டும் நிழலில் வையுங்கள். கொட்டையின் விளிம்பைக் கவனித்தால் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதன் ஒரு முனையில் கத்தரிக்கோலால் சிறிதளவு வெட்டி, கெட்டியான மேலோட்டை இரண்டு பக்கமும் விரித்தால் சிப்பி மாதிரி திறக்கும். கத்தியை ஆழமாகச் செருக வேண்டாம். கையும் கிழியும், பருப்பும் வெட்டுப்படும்.

உள்ளே காகிதம் போன்ற பழுப்புத் தோலுக்குள் பருப்பு இருக்கும். நல்ல பருப்பு அழுத்தினால் கெட்டியாக இருக்கும். சுருங்கிக் கறுத்திருந்தால் பயனில்லை. துளையும் கறுப்புத் தூளும் தெரிந்தால் உள்ளே கொட்டை வண்டு புகுந்திருக்கிறது, தூக்கிப்போட்டுவிடுங்கள். நல்ல பருப்பை ஈரத்துணியில் சுற்றி, மூடியை லேசாகத் திறந்த டப்பாவில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைக்கலாம். துணி பிழிந்த ஈரத்தில் இருந்தால் போதும், சொட்டக்கூடாது. ஓரிரு வாரத்தில் வேர் எட்டிப்பார்க்கும்.

சில மா ரகங்களில் ஒரே பருப்பிலிருந்து மூன்று, நான்கு குருத்து கிளம்பும். ஒன்று மட்டும் மகரந்தச் சேர்க்கையில் பிறந்ததாக இருக்கும். மற்றவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே வந்தவை, அதாவது அதன் நேர் நகல். திடமாக வளர்வது பெரும்பாலும் இந்த நகல்தான். எனவே நோஞ்சானை நீக்கிவிட்டுத் தடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு விதைகளிலும் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முளை வருவதுண்டு.

பலாக்கொட்டைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வழுவழுப்பைக் கழுவிவிட்டு நேரே மண்ணுக்குப் போகலாம்.

படி 3: தொட்டியும் மண்ணும்

தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிவிடும். மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. இந்தக் கலவை போதும். பச்சைச் சாணம் வேண்டாம், சூடு கிளம்பி வேரைக் கெடுக்கும்.

தொட்டியின் அகலத்தைவிட ஆழம் முக்கியம். மாவும் பலாவும் இலை விடும் முன்பே ஆணிவேரைக் கீழே இறக்கிவிடும். ஆழமில்லாத தொட்டியில் அந்த வேர் அடியில் சுருண்டுகொள்ளும், பிறகு அதை நிமிர்த்துவது கஷ்டம். ஒரு அடி உயரமுள்ள நாற்றுப் பை நல்லது. அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 4: விதைத்தல்

விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் என்பது பொதுவான அளவு. பப்பாளிக்கு 1 செ.மீ. சரியாக இருக்கும். வேர் விட்ட மாம்பருப்பை, வேர் கீழே பார்க்கும்படி வைத்து, மேலே 2 செ.மீ. மண் மூடினால் போதும். வேர் முனை கண்ணாடி மாதிரி ஒடியும், அதனால் குழியை முதலில் தோண்டிவிட்டு மெதுவாக இறக்குங்கள். அவகாடோவில் கூரான முனை மேலே இருக்க வேண்டும்.

25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இவற்றுக்கெல்லாம் பிடித்தமானது. பப்பாளி 2 முதல் 4 வாரத்தில் முளைக்கும். அவகாடோவுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

படி 5: தண்ணீர்

கன்றுகள் சாவது பெரும்பாலும் அளவுக்கு மீறிய தண்ணீரால்தான். விரலை ஒரு கணு அளவு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மேல்மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால், நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தண்டின் அடியில் மெலிந்து சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்கிற பூஞ்சை நோய் அது. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அதைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, காற்று படும் இடத்துக்குத் தொட்டியை மாற்றினால் மற்றவை பிழைக்கும்.

மாங்கன்றில் ஒரு விஷயம் பலரைப் பயமுறுத்தும். புது இலைகள் செம்பு நிறத்தில், துவண்டு தொங்கியபடிதான் வரும். வாடிவிட்டது என்று தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சில நாளில் அவையே விறைத்துப் பச்சையாகும்.

படி 6: வெயிலுக்குப் பழக்கி, நிலத்தில் நடுதல்

நிழலில் வளர்ந்த கன்றை ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். முதல் சில நாள் காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். நடும்போது பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள். பலாவுக்கும் பப்பாளிக்கும் வேரைத் தொந்தரவு செய்வது அறவே பிடிக்காது. இடம் இருந்தால் பலாவை நிலையாக வளரப்போகும் இடத்திலேயே விதைத்துவிடுவது உத்தமம்.

பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகைச் செடிகள் உண்டு. நாற்றாக இருக்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் ஒரு குழிக்கு மூன்று கன்று வையுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டு இடமாகப் பாருங்கள், இரண்டு நாள் தேங்கினாலே பப்பாளி வேர் அழுகத் தொடங்கிவிடும். பூ வந்ததும் விஷயம் தெளிவாகும். நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டி, அடியில் குட்டிக் காயோடு உருண்டையான பூ இருந்தால் பெண். அந்தக் குட்டிக் காய் ஒல்லியாக நீண்டிருந்தால் இருபால், அது ஒன்று இருந்தாலே காய்க்கும். இருபால் செடி கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். பெண் மட்டும்தான் கிடைத்தது என்றால், அக்கம்பக்கத்தில் எங்காவது ஒரு ஆண் செடியை விட்டுவையுங்கள்.