கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் குழந்தைகளோடு கிளம்பும் முன்

வண்டலூர் உயிரியல் பூங்காவைப் போல நாள் முழுக்க நடக்க வைக்கிற இடமில்லை சென்னையின் கிண்டி சிறுவர் பூங்கா. அரை நாள் தாராளம். ஆனால் அது காலையாக இருக்கட்டும். பதினொரு மணி வெயில் ஏறியதும் விலங்குகள் நிழலில் முடங்கிவிடும். பிள்ளைகளும் சிணுங்கத் தொடங்குவார்கள். கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காணும் பொங்கலன்று சுற்றிலும் மனிதத் தலைதான் தெரியும், கைக்குழந்தையோடு அன்று போகவே வேண்டாம்.

மெட்ரோவில் வந்தால் சின்னமலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பெரியவருக்கு ஒரு லிட்டர், பிள்ளைக்கு அரை லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி, ஒரு மாற்று உடை போதும். டிபனை வீட்டிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது. உள்ளே சரசரக்கும் பாக்கெட்டைப் பிரித்தால் முதலில் வருவது குரங்குதான்.

எல்லாக் கூண்டுகளையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். மான்களிடம் கால் மணி நேரம் நில்லுங்கள். ஒட்டியிருக்கிற கிண்டி தேசியப் பூங்காவின் காட்டில் கூண்டில்லாமல் திரிபவை வெளிமானும் புள்ளிமானும். இரண்டையும் பிரித்தறியக் கொம்பைக் காட்டுங்கள். ஆண் புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், உதிர்ந்து மறுபடி முளைக்கும். ஆண் வெளிமானின் கொம்பு திருகு திருகாக நீளும், உதிராது. அதன் உடலும் வயது ஏற ஏறக் கறுக்கும்; ஆகவே மந்தையில் யார் மூத்தவர் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். இந்த விளையாட்டு ஐந்து வயதுக்கு மேல் நன்றாகப் பிடிக்கும்.

மானுக்குப் பிஸ்கட், பொரி எதுவும் நீட்டக் கூடாது. அசைபோடும் விலங்கின் வயிறு இலை தழைக்கானது. மாவுப்பொருள் அதிகமானால் உள்ளே புளித்து அமிலமாகும், உயிரே போகலாம். காற்றில் பறந்த ஒரு பிளாஸ்டிக் பையை விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தடை இருக்கிறது. அந்தப் பை உங்களோடு வரவே வேண்டாம்.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, டிக்கெட் தனி. 1972-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அவசியம் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிள்ளைகள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிற வரை பொறுமையாக நில்லுங்கள். நம் ஊரில் பெரும்பாலான பாம்புக்கடி மரணங்களுக்கு இவைதான் காரணம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, பகலில் சுருண்டு கிடக்கும். அதை எழுப்பக் கண்ணாடியைத் தட்டினால் பாம்புக்கு அந்த அதிர்வு உடம்பெல்லாம் தெரியும். தட்டுகிற கையை மெல்லப் பிடித்து நிறுத்துங்கள்.

குரங்கு கிட்டே வந்தால் கண்ணோடு கண் பார்க்கக் கூடாது, பல் தெரியச் சிரிக்கவும் கூடாது. இரண்டையும் அது மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். கையிலிருப்பதைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். ஓடாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகருங்கள். கடியோ பிறாண்டலோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியை அன்றே தொடங்க வேண்டும்.