தொல்மனிதப் புதைபடிவத்தில் இருகால் நடையை அறிவது எப்படி?

மண்டையோடு கிடைத்திருந்தால், முதலில் அதைக் கவிழ்த்து, தண்டுவடம் நுழையும் பெருந்துளை எங்கே உள்ளது என்று பாருங்கள். அது பின்புறம் ஒதுங்காமல் அடிப்பகுதியின் நடுவை நோக்கி நகர்ந்திருந்தால், நிமிர்ந்த முதுகெலும்பின் மேல் தலை அமர்ந்திருந்தது என்று கருதலாம். 1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங்கில் கிடைத்த தொல்மனிதக் குழந்தையின் மண்டையோட்டில் உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட் கவனித்தது இதைத்தான். ஆயினும் இதை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. என் பார்வையில் முழங்காலே இன்னும் வலுவான சாட்சி. தொடையெலும்பு இடுப்பிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்து முழங்காலைச் சேர்கிறதா என்று அளந்து பாருங்கள்; அப்படிச் சாய்ந்திருந்தால், பாதங்கள் உடலின் நடுவுக்குக் கீழே வந்து இருகால் நடைக்கு உதவும். எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974இல் கிடைத்த, சுமார் 32 லட்சம் ஆண்டுகள் பழமையான ‘லூசி’ என்ற தொல்மனித எலும்புக்கூட்டில் இச்சாய்வு உண்டு. லூசியின் மூளையோ சிம்பன்சியின் அளவை ஒட்டியதுதான்; எனவே மூளையின் அளவை வைத்து நடையை முடிவு செய்யாதீர்கள். காலத்தைக் கணிக்க, எலும்பை விட்டுவிட்டு, அதன் மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பல் அடுக்குகளை ஆர்கான் முறையில் (பொட்டாசியம் சிதைந்து சேர்ந்த ஆர்கான் வாயுவை அளந்து வயதைக் கணிக்கும் முறை) சோதியுங்கள்.