எல்இடி இண்டிகேட்டர் மாட்டியதும் படபடவென்று அடிக்கிறதா?

பைக்கில் பழைய இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினால் படபடவென்று அடிக்கும், இல்லையென்றால் அடிக்காமல் அப்படியே நின்று எரியும். விளக்கைக் குறை சொல்லாதீர்கள். பழைய பல்பு ஒன்று 10 வாட், பக்கத்துக்கு 20. எல்இடி ஓரிரு வாட்தான் இழுக்கும், அதனால் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் ரிலே ஏதோ பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது. எல்இடிக்கான ரிலேயாக மாற்றினால் சரியாகிவிடும். சிலர் பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்க ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள், அது கைவைக்க முடியாமல் சுடும், எனக்கு அதில் இஷ்டமில்லை.

ரிலே மாற்றியும் ஒரு பக்கம் போட்டால் நாலும் சேர்ந்து மின்னுகிறதா? மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கு இருக்கும் வண்டிகளில்தான் இந்தக் கூத்து. அந்தக் குட்டி பல்பு வழியாகவே கரண்ட் மறுபக்கம் போய்விடுகிறது. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு இரண்டு வாங்கி, இடது வலது ஒயருக்கு ஒவ்வொன்றாக, கோடு போட்ட முனை இரண்டும் மீட்டர் பல்பின் ஒரு காலுக்கு வருகிற மாதிரி சேர்த்து, பல்பின் இன்னொரு காலை எர்த்தில் கொடுங்கள். வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற மறக்க வேண்டாம்.

அப்புறம் ஜாயிண்ட். நான் இருப்பது கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம், உப்புக் காற்று. வெறுமனே முறுக்கி டேப் சுற்றியது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பிரித்துப் பார்த்தால் செம்புக் கம்பி பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இப்போதெல்லாம் சால்டர் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுவிடுகிறேன்.