கார் மோதினால்: ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் முதல் வரி

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் கார் மோதினால் ஐந்தே நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். பஞ்சாயத்தும் அங்கேயே ஆரம்பிக்கும்: "கைச்செலவுக்கு வாங்கிக்கிட்டுப் போங்க, கேஸ் எதுக்கு?" எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உள்காயம் பல நேரம் மறுநாள்தான் தெரியவரும்.

முதலில் 108. வண்டியை நகர்த்தும் முன் நம்பர் பிளேட், டயர் தடம், சாலையில் காயும் நெல் உட்பட எல்லாவற்றையும் படம் எடுங்கள். தமிழ்நாட்டில் நடந்த விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறிப்பிட்ட வரம்புக்குள், இலவசம்.

பல வழக்குகள் கோணுவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில்தான். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலேர்ந்து விழுந்துட்டார்" என்றால் டாக்டர் அதையே எழுதுவார். பிறகு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் வாசிப்பார். "இந்த இடத்தில், இத்தனை மணிக்கு, இந்த எண்ணுள்ள கார் மோதியது" என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். எண் தெரியாவிட்டால் நிறத்தைச் சொல்லுங்கள். உத்தேசமாக ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து காவல் நிலையம். அங்கே தரும் சிஎஸ்ஆர் ரசீது (புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே) எஃப்ஐஆர் ஆகாது. எஃப்ஐஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் புகார் அனுப்பலாம். எலும்பு முறிந்திருந்தால் அது கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 125(பி) பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), வரைபடம், காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். ஆய்வாளர் பார்க்கும் முன் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினால் சேதத்தை நிரூபிப்பது கஷ்டம்.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்தரப்பின் ஊர் ஆகிய மூன்றில் எந்தத் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் அடிபட்ட திருவாரூர்க்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. காரின் உரிமையாளரையும் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் எதிர்தரப்பில் சேர்க்க மறக்காதீர்கள். மோதியது அரசுப் பேருந்து என்றால் பெரும்பாலும் போக்குவரத்துக் கழகமே பணம் கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்து பேருந்து ஜப்தியாவது நம் ஊர்ப் பேப்பரில் பழகிய செய்திதான். நடவுக்கு டிராக்டர் டிரெய்லரில் ஏறிப் போனவர்களுக்குத்தான் சிக்கல்: "பாலிசியில் பயணிகள் இல்லை" என்று நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும்.

அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கிடைக்கும். ஆனால் நிறுவனம் நீட்டும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். ஆகவே முதலில் கணக்குப் போடுங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 38 வயதுக் கொத்தனார் இறந்து, மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று கொள்வோம். எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. அதை 12ஆலும், வயதுக்கு ஏற்ப நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் பெருக்கு எண்ணான 15ஆலும் பெருக்கினால் 28,35,000. ஈமச் செலவு போன்றவை தனி. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வேலை கொடுத்தவரின் சாட்சியத்தையும் வங்கி வரவையும் காட்டலாம். ஒன்றுமில்லையென்றால் தீர்ப்பாயமே உத்தேச வருமானம் வைக்கும், அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. அதற்கு வருவாய்த் துறையிடம் மனு கொடுக்க வேண்டும்.

"கிடைப்பதில் இத்தனை சதவீதம்" என்று வாசலிலேயே பேரம் பேசும் புரோக்கர்களிடம் அசல் காகிதங்களைக் கொடுக்காதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் உண்டு. அலுவலகம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், போன் எண் 15100.