கல்யாணப் பத்திரிகையை வீட்டிலேயே செய்வது: மடிப்பு வெடிக்காமல், மஞ்சள் சிவக்காமல்

வைகாசியில் நடந்த என் தங்கையின் திருமணத்துக்கு, நேரில் போய் அழைக்க வேண்டிய உறவினர்களுக்கென 150 பத்திரிகைகளை வேலூரில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே செய்து முடித்தோம். மற்றவர்களுக்கு அச்சகத்தில் அடித்த பத்திரிகை தனியாக இருந்தது. அச்சிடுவதும் ஒட்டுவதும் பெரிய வேலையல்ல. என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது மடிப்புதான் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் 105 × 148 மி.மீ. அளவில் பத்திரிகை கிடைக்கும். ஒரு தாளுக்கு இரண்டு பத்திரிகை என்பதால் 150க்கு 75 தாள் போதும். வீணாவதற்கு இன்னும் பத்துத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை) அட்டை என் இங்க்ஜெட் பிரிண்டரின் பின்பக்க டிரே வழியாகச் சிக்காமல் போனது. பழந்துணிக்கூழில் கையால் செய்யும் காகிதம் பார்க்க அழகாக இருந்தாலும், அதில் மை கசிந்து எழுத்தின் ஓரம் மங்கியது. ஆகவே அதை மேலே சுற்றும் பட்டைக்கு மட்டுமே பயன்படுத்தினேன்.

இனி மடிப்பு. முதலில் நான் முழு ஏ4 அட்டையையே இரண்டாக மடித்துப் பெரிய பத்திரிகையாகச் செய்யத்தான் நினைத்தேன். மடித்த இடமெல்லாம் வெடித்து, அச்சிட்ட அரக்கு நிறத்தின் நடுவே வெள்ளைப் பிளவு தெரிந்தது. அட்டை மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு, வேறு அட்டை வாங்கி வந்து மடித்தபோதும் அதே கதைதான். குறை அட்டையில் இல்லை, நான் மடித்த திசையில்தான் இருந்தது. இயந்திரத்தில் ஓடி வரும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அச்சகத்தார் அதைக் கிரெயின் என்பார்கள். அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும், குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து வெடிக்கும். ஏ4 தாளில் கிரெயின் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடுகிறது; முழுத் தாளை இரண்டாக மடித்தால் மடிப்பு அதற்குக் குறுக்கே போகும், வெட்டிய பாதியை மடித்தால் அதனோடு சேர்ந்து போகும். சிறிய பத்திரிகைக்கு நான் மாறியதன் காரணம் சிக்கனமல்ல, இதுதான்.

உங்கள் அட்டை எப்படி என்று தெரிந்துகொள்ள, ஒரு சிறு சதுரத்தை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். அது குழல் போலச் சுருளும். அந்தக் குழலின் நீளம் போகும் திசைதான் கிரெயின்.

திசை சரியாக இருந்தாலும் தடித்த அட்டையை அப்படியே மடிக்கக் கூடாது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை இரும்பு ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுத்து, ஒரு பள்ளக்கோடு போட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், வெட்டும்போது கட்டர் அதையும் சேர்த்துச் சீவிவிடும். பள்ளம் இருக்கும் பக்கமாகவே மடிக்கத்தான் கை போகும், ஆனால் அது தவறு. பள்ளம் வெளியேயும், அதன் பின்புறம் எழுந்த மேடு உள்ளேயும் வருமாறு மடித்து, ஸ்பூனின் முதுகால் ஒருமுறை நீவிவிடுங்கள்.

உறைக்கு 120 ஜி.எஸ்.எம். தாளை 184 × 256 மி.மீ. அளவில் வெட்டினேன். உயரத்தில் முன்பக்கத்துக்கு 111, பின்பக்கத்துக்கு 105, மூடிக்கு 40 மி.மீ. போகும். முன்பக்கத்தின் இரு ஓரங்களில் மட்டும் 15 மி.மீ. காதுகளை விட்டு, மற்ற இடங்களில் அந்த ஓரத்தை வெட்டிவிட வேண்டும். காதுகளை முதலில் உள்ளே மடித்து, அவற்றின் மேல் பசை தடவி, பின்பக்கத்தை மேலே தூக்கி ஒட்டுங்கள். ஒட்டும்போது உள்ளே ஒரு வேண்டாத அட்டையைச் செருகி வைத்தால், பிதுங்கும் பசை உறையை உள்ளேயே ஒட்டிவிடாது.

பசை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பசைக்குச்சி எங்கள் கோடைக்கு ஆகாது, ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறது. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று காய்ச்சி, ஆறியபின் துணியில் வடிகட்டிய பசை மலிவானது, ஆனால் ஈரம் அதிகம் என்பதால் மெல்லிய தாள் நெளியும். உறைக்கு ஃபெவிகால்தான் சரி. ஃபேனை நிறுத்திவிட்டு விடியற்காலையில் ஒட்டுங்கள். பதினோரு மணிக்கு மேல் தடவி முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவதில் எங்களுக்கு ஒரு வேடிக்கை நடந்தது. அத்தை தடவிய முதல் இருபது பத்திரிகைகளில் மூலைகள் செங்காவியாக மாறின. அவர் துணி துவைத்துவிட்டு வந்து, சோப்பு போகாத ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தார். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்; சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பதும் அதே வினைதான். கையை வெறுந்தண்ணீரில் நன்றாக அலசி, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியால் மட்டும் தொட்டு வையுங்கள். நீர்க்கக் கரைத்தால் மூலை சுருங்கிவிடும்.

பின்னர் சேர்த்தது: இதைப் பார்த்துச் செய்த ஆற்காட்டு உறவினர் ஒருவருக்கு, காய்ந்த பிறகும் மஞ்சள் சிவந்ததாம். தட்டில் வெற்றிலையோடு திறந்த சுண்ணாம்பு டப்பாவும் இருந்திருக்கிறது. சுண்ணாம்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

மிஞ்சிய பச்சைத் தாளில் மாவிலை வடிவம் வெட்டி, அதே பேனாவால் நடு நரம்பை அழுத்தி, நூலில் கோத்தால் உள்வாசலுக்குத் தோரணமாகும். இலைக்கும் கிரெயின் நீளவாக்கில் இருக்கட்டும், இல்லையென்றால் மாலைக்குள் தலை தொங்கிவிடும். கிரேப் தாளைப் பந்தலில் கட்டாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பெய்த கோடை மழையில் அதன் சிவப்புச் சாயம் இறங்கி, வாசலில் நின்றிருந்த சித்தப்பாவின் புது வேட்டி வீணாயிற்று.

உறையில் முகவரி எழுதும்போது பழைய நோட்டை அப்படியே பார்த்து எழுத வேண்டாம். 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. எங்கள் நோட்டில் வாலாஜாக்காரர்கள் இன்னும் வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே இருந்தார்கள்.